தேரிக்குத் தெரிந்த நடை

தேரிக்குக் காது வைத்தவர்கள் அதோடு நிறுத்தியிருக்கலாம். வாயும் வைத்தார்கள். வம்பு அங்கேதான் தொடங்கியது.

காது வைத்ததற்கு நியாயம் இருந்தது. திருச்செந்தூருக்கு மேற்கே செம்மணல் மேடாகக் கிடந்த தேரி, மழை பொய்த்துப்போன வருடங்களில் நாலு திசையிலும் நகர்ந்து, வயலை விழுங்கி, குளத்தை விழுங்கி, கடைசியில் சில ஊர்களையும் விழுங்கிவிட்டது. பட்டா நிலமெல்லாம் மணலுக்கு அடியில் போனபிறகு எது யாருடையது என்று சொல்ல ஆளில்லை. அரசாங்கம் மொத்தத்தையும் பொதுப் பாலை என்று அறிவித்து, அதைக் கட்டி மேய்க்கத் தேரி வாரியம் என்று ஒன்றை உண்டாக்கியது. அறிவித்த கையோடு பங்கு கேட்டு மூன்று கூட்டம் வந்து நின்றது. வல்லநாட்டுக் குன்றில் புல் தீர்ந்து இறங்கி வந்த வெளிமான்கள் ஒரு கூட்டம். அவை வாய்விட்டுக் கேட்கவில்லை, அவற்றின் சார்பில் படித்தவர்கள் கேட்டார்கள். சனி ஞாயிறுகளில் மணல்மேட்டில் மோட்டார் சைக்கிள் ஏற்றி இறக்க மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிறவர்கள் இன்னொரு கூட்டம். செம்மணலுக்குள் கலந்து கிடக்கும் கரிய தாதுவைத் தோண்டி எடுக்கிற கம்பெனி மூன்றாவது.

மூவரையும் வைத்து வாரியம் ஒரு பஞ்சாயத்துச் செய்தது. எந்த நிலத்தில் எவர் கால் அதிகம் படுகிறதோ, அடுத்த வருடம் அது அவருக்கு. குளம்பு பட்டால் மானுக்கு. மனிதக் காலும் சக்கரமும் பட்டால் சுற்றுலாவுக்கு. எதுவுமே படாத நிலம் கம்பெனிக்கு. ஒருவரும் மிதிக்காத இடத்தைத் தோண்டினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொரு பங்குனியிலும் பங்கீடு என்று முடிவாயிற்று.

கால் படுவதைப் பார்க்க ஆள் போட்டு மாளாது. அதற்காகத்தான் மணலுக்கடியில் கருவிகளைப் புதைத்தார்கள். அவற்றுக்குப் பெரிய பெயர் ஏதோ உண்டு, ஊரில் காது என்றார்கள். மேலே எது நடந்தாலும் அதிர்வை வைத்து இது மான், இது நரி, இது வண்டி என்று காது சொல்லிவிடும். அதில் இன்னொரு நன்மையும் இருந்தது. ஆடிக் காற்று அடித்தால் நேற்று இருந்த மேடு இன்று இருக்காது. வழி தவறி, தண்ணீர் கிடைக்காமல் செத்தவர்கள் முன்பெல்லாம் வருடத்துக்குச் சிலர் இருப்பார்கள். காது வந்தபிறகு, மனிதக் கால் எங்கே தடுமாறுகிறது என்று அதுவே சொல்ல, வாரியத்து ஜீப் போய் அழைத்து வந்துவிடும்.

ஆனால் மனிதக் கால் என்றால் எப்படி இருக்கும் என்று முதலில் யாராவது அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டுமே. ஆண், பெண், கிழவர், குழந்தை என்று பலரை நடக்கவிட்டிருக்க வேண்டும். கொதிக்கிற மணலில் நாளெல்லாம் நடக்க எவன் வருவான்? கற்குவேல் வந்தான். அவன் ஒருவனையே தேரி முழுக்க நடக்கவிட்டு, வேலை முடிந்தது என்று எழுதிவிட்டார்கள். சின்ன வயதில் லாரியிலிருந்து விழுந்து அவனுக்கு இடதுகால் குட்டை என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. ஓர் எட்டு அழுத்தி வைப்பான், மறு எட்டை இழுப்பான். அதுதான் மனித நடை என்று காது படித்துக்கொண்டது. திறப்பு விழாவுக்கு வந்திருந்த பெரிய மனிதர்களில் ஒருவரைக்கூட அது மனிதராக ஒப்புக்கொள்ளவில்லை. கற்குவேல் மட்டும் மனிதன், மற்றதெல்லாம் மாடு. பிறகு வாரியத்தின் தொழில்நுட்ப ஆள் ஆசீர் உட்கார்ந்து, கற்குவேலிலிருந்து கொஞ்சம் தள்ளியிருந்தாலும் மனிதன்தான் என்று அதற்குச் சொல்லிவைத்தான். அப்படித்தான் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. தேரிக்குள் கால் வைத்த ஒவ்வொருவரையும் கற்குவேலோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அது மனிதக் கணக்கில் சேர்த்தது.

கற்குவேல் வாரியத்திலேயே காவலனாக இருந்தான். ஒரு சித்திரையில் நடுத்தேரியில் மயங்கி விழுந்தான். காது உடனே சொல்லிவிட்டது. ஜீப் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. அவனுடைய வேலையை அவன் மனைவி வேல்கனிக்குக் கொடுத்தார்கள். பிள்ளை இல்லாத வீடு. பகலில் தேரி, இரவில் வீடு என்று அவள் இரண்டிலும் தனியாக இருக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

இனி வாயைப் பற்றி. வண்டிப் பாதைகளின் குறுக்கே ஓடிய மான்கள் அடிபட்டுச் செத்தன. அதைத் தடுக்கப் பாதையோரங்களில் இன்னொரு வகைக் கருவியைப் புதைத்தார்கள். அது கேட்காது, அதிரும். மனிதன் நடப்பதைப் போல மணலுக்கடியில் அதிரும். அந்த அதிர்வை மட்டும் காது கணக்கில் சேர்க்காது. மேலே நிற்கிற மான் குளம்பில் அதை உணர்ந்து, ஆள் வருகிறான் என்று விலகிப்போகும். நல்ல யோசனை என்று எல்லோரும் சொன்னார்கள். வேல்கனிக்கும் வாய்களைப் பற்றித் தெரியும். பாதையோரத்தில் அவளுக்கு வேலையில்லை என்பதாலும், காலில் எப்போதும் தடித்த பூட்ஸ் கிடந்ததாலும், அவை எப்படி அதிரும் என்று மட்டும் தெரியாது.

கார்த்திகையில் ஒரு நாள், பேருக்கு நாலு தூறல் விழுந்து மணல் குளிர்ந்திருந்தது. கொல்லாங்காட்டுப் பக்கம் போயிருந்தாள். முந்திரி மரங்கள் பாதி மணலில் புதைந்து நிற்கிற தாழ்வான இடம் அது. காற்று அடிக்காது, புல் கொஞ்சம் முளைக்கும். வெளிமான்கள் குட்டி போடுவதற்கு அங்கேதான் வரும். பூட்ஸுக்குள் புகுந்த மணலைத் தட்டலாம் என்று கழற்றிவிட்டு, வெறுங்காலை ஊன்றினாள்.

உள்ளங்காலுக்குக் கீழே யாரோ நடந்தார்கள்.

ஓர் எட்டு அழுத்தி. மறு எட்டு இழுத்து.

இருபது வருடம் கூடவே நடந்தவளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டுமா? பேயென்று பயப்பட அவளுக்குத் தோன்றவில்லை. பயந்துதான் என்ன, வந்தது அவன்தானே. அந்த நடை அவள் காலடியைக் கடந்து மரங்களுக்கு நடுவே போயிற்று. பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு அவளும் கூடவே போனாள். அது கொல்லாங்காட்டின் எல்லை வரை போய்த் திரும்பியது. அவளும் திரும்பினாள். இருட்டுவதற்கு முன் வீட்டுக்கு வந்து உலை வைத்தபோது, வெகுநாளைக்குப் பிறகு பசித்தது.

மறுநாளும் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். காவலர் காலைக் காது கணக்கில் சேர்க்காது, வேலைக்கு வருகிற கால் அது. ஆகவே அவள் அங்கே நடப்பது ஒருவருக்கும் தெரியவில்லை. அவனிடம் பேசவும் செய்தாள். குழாயில் தண்ணீர் வராததை, மேலவீட்டுக்காரி கோழி பிடித்துப்போன சண்டையை, எல்லாம் சொன்னாள். உயிரோடு இருந்தபோதும் அவன் பதில் சொல்கிற ஆளில்லை. அதனால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள் அவள். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது நியாயமில்லை.

தை பிறந்தபிறகுதான் கொல்லாங்காட்டில் ஒரு மான்கூட இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. எல்லைக்கு வெளியே உடைமரத்தடியில் வயிறு தள்ளிய ஒரு பெண்மான் மட்டும் தினமும் வந்து நின்றது. உள்ளே பார்க்கும். ஒரு காலை எடுத்து வைக்கும். மணல் அதிர்வது தெரிந்ததும் எடுத்த காலைப் பின்னுக்கு வைக்கும். போகவும் போகாது, வரவும் வராது. நாலைந்து நாள் அதைப் பார்த்தபிறகு வேல்கனி ஆசீரைத் தேடிக்கொண்டு போனாள்.

ஆசீர் அவளைவிட இளையவன். கற்குவேலை அண்ணாச்சி என்று கூப்பிட்டவன், ஆகவே அவள் மைனி. அவள் விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் போன போக்கே அவனுக்கு எல்லாம் தெரியும் என்று காட்டிவிட்டது. உட்காரச் சொன்னான். டீ வாங்கி வரச் சொன்னான். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

வாய்களில் ஓடுவது கற்குவேலின் நடைதான். பதிவில் இருந்த ஒரே முழு நடை அதுதானே. பாதையோரத்தில் ஓடும்வரை யாருக்கும் தொந்தரவில்லை. போன ஆவணியில் கொல்லாங்காட்டிலும் வாய் புதைக்க உத்தரவு வந்தது. அங்கே வண்டிப் பாதையே கிடையாது. கேட்டதற்கு, வரப்போகிற பாதைக்கு முன்னேற்பாடு என்றார்கள். கொல்லாங்காட்டு மணலில் இருக்கிற தாது வேறெங்கும் கிடையாது என்பதை ஆசீர் பிறகு தெரிந்துகொண்டான். ஆள் நடமாட்டம் என்று நினைத்து மான் வராது. பாதை இல்லாததால் ஆளும் வர மாட்டான். பங்குனியில் அது எவரும் மிதிக்காத நிலம். வேலியே பயிரை மேய்கிற கதை, அதுவும் சட்டப்படி மேய்கிற கதை.

“அப்போ அவிய நடையை வச்சுத்தான் மானை வெரட்டுதாவளா?” என்று கேட்டாள் வேல்கனி.

“ஆமா மைனி.”

“நிப்பாட்ட முடியாதா?”

முடியும் என்றான் ஆசீர். செத்தவர் நடை வாரிசுக்குச் சொந்தம் என்று சட்டம் இருக்கிறது. கற்குவேல் இறந்த வாரத்தில், நீட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டு அவள் சம்மதம் கொடுத்திருந்தாள். பங்கீட்டுக் கூட்டத்தில் எழுந்து திரும்பப் பெறுகிறேன் என்றால் போதும். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது.

“திரும்ப வாங்குனா முழுசாத்தான் வாங்கணும் மைனி. வாயில மட்டும் எடுத்துட்டுக் காதுல விட முடியாது. அண்ணாச்சி நடை போயிட்டா, மனுசன்னா என்னன்னே அதுக்குத் தெரியாது. யாராவது வழி தவறுனா கண்டுபிடிக்காது. புதுசா இன்னொரு நடையைப் படிச்சுக்கிடுத வரைக்கும் தேரியைப் பூட்டித்தான் போடணும்.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான். “உங்களுக்கும் ஒண்ணும் மிஞ்சாது. பொறவு அங்கன போய் நின்னாலும் காலுக்குக் கீழ வெறும் மணல்தான்.”

அவள் டீயைக் குடிக்காமல் எழுந்து போனாள்.

விஷயம் எப்படியோ கம்பெனிக்கும் எட்டிவிட்டது. மாசியில் ஒரு சாயங்காலம் பரந்தாமன் என்பவர் வீட்டுக்கு வந்தார். கம்பெனியின் அதிகாரி, சென்னைக்காரர். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் கதவைச் சாத்துவது எளிதாக இருந்திருக்கும். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார். கற்குவேலின் படத்தைப் பார்த்துக் கைகூப்பினார். இழப்பைப் பற்றி நாலு வார்த்தை பேசினார், அது நடிப்பாகத் தெரியவில்லை. பிறகு மெதுவாக வந்த காரியத்தைச் சொன்னார்.

“நீங்க எதுவும் செய்ய வேண்டாம்மா, சும்மா இருந்தாலே போதும். கொல்லாங்காடு வரைக்கும் எதுக்கு அலையணும்? உங்க வாசல்லயே வச்சுக் கொடுத்துடறோம். சாயங்காலம் சாயங்காலம் அவர் வீட்டுக்கு வர்ற மாதிரி. நீங்க இருக்கிற வரைக்கும் அது ஓடும், அதுக்கு நான் பொறுப்பு.”

வேண்டாம் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். கண் வாசல் பக்கம் போயிற்று. போட்டுத்தான் பார்ப்போமே, பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம் என்றார் அவர். மறுநாள் ஆட்கள் வந்து தெருப்படலிலிருந்து வாசற்படி வரை மணல் முற்றத்தில் வரிசையாகப் புதைத்துவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். தன்னையே நினைத்துச் சிரிப்பாகவும் இருந்தது. சொன்ன நேரத்துக்குப் படலிலிருந்து நடை தொடங்கியது. நாற்காலி வழியில் இருக்கிறது என்று பட்டது. எழுந்து ஓரமாக நகர்த்திப் போட்டாள். நடை அவளைக் கடந்து வாசற்படி வரை வந்தது. அங்கே நிற்கும், படியேறும் என்று அவள் உடம்பு முழுக்க எதிர்பார்த்தது. அது திரும்பிவிட்டது. தேரியில் வேலைக்காக நடந்த நடை அது. அதற்கு வாசல் தெரியாது, படி தெரியாது. படல் வரை போயிற்று, மறுபடி வந்தது, மறுபடி படியைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு நாளும் அவன் வாசல் வரை வந்துவிட்டு உள்ளே வராமல் போனான். கொல்லாங்காட்டில் கிடைத்த சந்தோஷம் இங்கே கிடைக்கவில்லை. அங்கே அவன் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு நடந்தான், இவள் போய்ச் சேர்ந்துகொண்டாள். இங்கே அவனைக் கட்டி இழுத்துவந்து முற்றத்தில் நடக்க வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் அழுதாள். அழுகை ஓய்ந்தபோது, உடைமரத்தடியில் எடுத்த காலைப் பின்வாங்குகிற அந்தப் பெண்மான்தான் நினைவுக்கு வந்தது. அதற்கும் ஓர் இடம் வேண்டியிருந்தது. வாசல் வரை வந்துவிட்டு உள்ளே போக முடியாமல் அதுவும் நின்றுகொண்டிருந்தது.

ஆனாலும் அவள் சட்டென்று முடிவெடுத்துவிடவில்லை. பங்குனிக் கூட்டத்து அன்று காலையில்கூடக் கொல்லாங்காட்டுக்குப் போய் அவன் பக்கத்தில் நடந்துவிட்டுத்தான் வந்தாள்.

வாரியத்துக் கூடம் நிரம்பி வழிந்தது. வண்டி ஓட்டுகிற சங்கத்தார் ஒரு பக்கம், சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் ஒரு பக்கம், கம்பெனி ஆட்கள் முன்வரிசையில். கொல்லாங்காடு எவரும் மிதிக்காத நிலம் என்று வாசித்ததும் வேல்கனி எழுந்து, என் வீட்டுக்காரர் நடையைத் திரும்பக் கேட்கிறேன் என்றாள். கூடம் இரைந்தது. தேரியைப் பூட்டினால் வண்டிக்காரர்கள் எங்கே போவது என்றார் சங்கத் தலைவர். அவர்களை நம்பி இளநீர்க்கடையும் சாப்பாட்டுக்கடையும் வைத்திருக்கிற ஊர்க்காரர்கள், செத்தவனுக்காக இருக்கிறவர்கள் பட்டினி கிடக்க வேண்டுமா என்று கேட்டார்கள். அதில் அவளுடைய சொந்தக்காரர்களும் இருந்தார்கள். அவர்கள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை என்பதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. பரந்தாமன் எழுந்து, அந்த அம்மா வருத்தத்தில் இருக்கிறார், யோசிக்க நேரம் கொடுக்கலாம் என்று பரிவாகச் சொன்னார். பங்கீடு முடிந்தபிறகு யோசிக்கலாம் என்பது அதன் பொருள்.

வாரியத் தலைவர் அவளைப் பார்த்து, வேறு ஏதாவது சொல்வதற்கு உண்டா என்றார்.

“அவிய இருந்த காலத்துல மான் குட்டி போடுத மாசத்துல கொல்லாங்காட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டாவ. குட்டைக் காலை இழுத்துக்கிட்டு ஊரைச் சுத்திப் போவாவ” என்றாள் வேல்கனி. “உயிரோட இருக்கையில ஒரு மானை வெரட்டாத மனுசனை, செத்த பொறவு வெரட்ட வச்சிருக்கிய. அது அவியளுக்கு வேண்டாம். எனக்கு அவிய வேணும், வேணாம்னு சொல்லல. இப்பிடி வேண்டாம்.”

சட்டம் அவள் பக்கம் இருந்தது. அந்த நடையை ஓடவிட்டு எடுத்த கணக்கு செல்லாது, கொல்லாங்காட்டை மட்டும் பிறகு எண்ணிப் பங்கிடலாம் என்று வாரியத் தலைவர் எழுதிக்கொண்டார்.

ஆசீர் அன்று மத்தியானமே நிறுத்திவிடுவதாகச் சொன்னான். அவள் கொல்லாங்காட்டுக்குப் போய் வெறுங்காலோடு நின்றாள். நடை வந்தது. கூடவே போனாள். பாதி தூரத்தில், அழுத்தி வைத்த எட்டுக்கும் இழுத்து வைக்க வேண்டிய எட்டுக்கும் நடுவில், அது நின்றுபோயிற்று. அடுத்த எட்டுக்காக அவள் வெகுநேரம் நின்றாள். மணல் சும்மா இருந்தது. பூட்ஸை மாட்டிக்கொண்டு, அந்த இடத்தைவிட்டு வெளியே வந்தாள். சில நாளில் அந்தப் பெண்மான் உள்ளே போய்விட்டதாகக் காது சொன்னது. பிறகு அதோடு சின்னக் குளம்புகளும் சேர்ந்து கேட்டன. அந்த வருடம் கொல்லாங்காடு மானுக்குப் போயிற்று. மனிதக் கால் எதுவும் கூடாது, காவலர் காலும் கூடாது என்று எல்லையில் கம்பு நட்டார்கள். அவளே கூட நின்று நட்டாள்.

தேரியைப் பூட்டினார்கள். காதுக்கு மனிதனை மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். இந்தத் தடவையாவது பலரை நடக்கவிடுங்கள் என்று ஆசீர் மன்றாடினான். பூட்டிக் கிடக்கிற ஒவ்வொரு நாளும் ஊரில் வசவு ஏறிக்கொண்டிருந்தது. போன தடவை ஒரே ஆளை வைத்து நடக்கவில்லையா, அது போதும் என்றுவிட்டது மேலிடம். சித்திரை வெயிலில் தேரி முழுக்க நடக்க ஒரே ஆள் யார்? பூட்டுவதற்குக் காரணமானவளே நடக்கட்டும் என்று ஊரில் பேச்சு. யாரும் நேரில் வந்து சொல்வதற்கு முன் வேல்கனி தானே ஒப்புக்கொண்டாள். அவளுக்குக் கால் இரண்டும் ஒரே அளவு, ஒரு குறையும் இல்லை. நல்ல தேர்வு என்று எழுதிவைத்தார்கள்.

கொல்லாங்காடு நீங்கலாகத் தேரி மொத்தமும் நடந்தாள். விடியுமுன் தொடங்கி வெயில் ஏறுகிற வரை, மறுபடி வெயில் தாழ்ந்தபிறகு. கற்குவேலும் இப்படித்தான் தனியாக நடந்திருப்பான் என்று நினைத்துக்கொள்வாள். காலுக்குக் கீழே எதுவும் வராது என்று தெரிந்திருந்தும், சில இடங்களில் பூட்ஸைக் கழற்றிப் பார்த்தாள்.

ஆவணியில் தேரியைத் திறந்தார்கள். முதல் நாளே மதுரையிலிருந்து ஒரு பெரிய கூட்டம் வந்து இறங்கியது. வாசலில் பூமாலை, சர்க்கரைப் பொங்கல் எல்லாம் இருந்தன. கூட்டம் உள்ளே போய் அரைமணி ஆகியும், தேரிக்குள் மனிதர் யாரும் இல்லை என்றே காது சொல்லிக்கொண்டிருந்தது. அதிகாரிகள் அலறியடித்து எல்லோரையும் வெளியே கூட்டிவந்தார்கள். ஆசீர் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டான். மறுநாள் வேல்கனி வீட்டுக்கு வந்தபோது அவன் கண் சிவந்திருந்தது.

“மைனி, ஒண்ணு கேக்கட்டா? கொஞ்ச தூரம் நடந்ததும் ஒருக்க நிக்கியளே, ஏன்?”

“நிக்கேனா?”

“எல்லா இடத்துலயும் நின்னுருக்கிய. மேட்டுல, பள்ளத்துல, நெழலே இல்லாத எடத்துலகூட. இளைப்பாற நிக்க மாதிரியும் இல்ல, மூச்சு விடுத நேரம்தான். பொறவு நடக்கிய. மனுசன்னா இப்பிடித்தான்னு அது படிச்சுக்கிடுச்சு. நிக்காம போனா அதுக்கு மனுசன் இல்ல.”

வேல்கனி முதலில் புரியாமல்தான் அவனைப் பார்த்தாள். பிறகு புரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து கடைக்கு, கோயிலுக்கு, சொந்தக்காரர் வீட்டுக்கு என்று எங்கே போனாலும் அவள் கால் கொஞ்சம் முந்திவிடும். கற்குவேல் இழுத்து இழுத்துப் பின்னால் வருவான். அவன் வந்து சேரட்டும் என்று நிற்பாள். அவன் மனம் நோகக்கூடாதே என்று சேலையைச் சரிசெய்கிற சாக்கில் நிற்பாள். எப்போது அது சாக்கு இல்லாமல் காலிலேயே ஊறிப்போயிற்று என்று அவளுக்குத் தெரியாது. அவன் போய் இத்தனை காலத்துக்குப் பிறகும், யாருமில்லாத தேரி முழுக்க அவள் நின்று நின்று நடந்திருக்கிறாள்.

அவள் சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். முன்பு நொண்டலைத் தள்ளிப் பார்க்கச் சொன்ன மாதிரி நிற்பதைத் தள்ளிப் பார்க்கச் சொன்னால் காதுக்கு ஏறவில்லை, புதிதாகக் கற்றுக்கொடுக்க அடுத்த வருடம்தான் முடியும் என்று மட்டும் ஆசீர் சொல்லிவிட்டுப் போனான்.

இன்னொரு தரம் பூட்டினால் ஊர் சும்மா விடாது. வாரியம் வாசலில் ஒரு பலகை வைத்தது. உள்ளே வருவோர் தங்கள் பாதுகாப்புக்காக, சிறிது தூரம் நடந்ததும் சற்று நின்று, பிறகு நடக்கவும் என்று அதில் எழுதியிருந்தது. வண்டி ஓட்ட வந்தவர்கள் முதலில் கேலி செய்தார்கள். மணலில் வழி தவறினால் தேடி வர ஆளிருக்காது என்று தெரிந்ததும் கேலியை நிறுத்திவிட்டு நிற்கப் பழகினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேட்டின் மேல் காவலுக்கு நின்றிருந்தாள் வேல்கனி. கீழே கூட்டம் தேரிக்குள் வந்துகொண்டிருந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிற பையன்கள், குடை பிடித்த பெண்கள், தோளில் பிள்ளையைத் தூக்கிய ஒருவர். கொஞ்சம் நடந்தார்கள், நின்றார்கள். மறுபடி நடந்தார்கள், நின்றார்கள். நடக்கிற வழியில் நின்றால் யாருக்கும் கழுத்து தானாகத் திரும்பும்போல. நின்றவர்கள் ஒவ்வொருவராக, எதற்கென்று தெரியாமலே, பின்னால் திரும்பிப் பார்த்தார்கள்.

வேல்கனியும் பார்த்தாள்.